நமது சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். சென்னையிலேயே குடியிருந்துகொண்டு இந்த ஊரின் பாட்டையும் கூத்தையும் சாப்பாட்டையும் பார்க்காமல் காலம் கழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆண்டு நிகழ்ச்சிகளை அந்த நோக்கத்தோடு பொருத்திப் பார்த்துச் செயலாளர் என்ற முறையில் சமர்ப்பிக்கிறேன்.

ஜூலையில் எழும்பூர் அருங்காட்சியகம் போனோம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் ஞாயிறு வைத்தோம். படிமக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்பே நேரம் போய்விட்டதால், அடுத்த முறை அமராவதிச் சிற்பங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஆகஸ்டில் முட்டுக்காடு தட்சிணசித்ரா. அங்கே செவ்வாய் விடுமுறை. மார்கழியில் ஒரு சபாவில் காலைக் கச்சேரி கேட்டோம். பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, உட்கார நல்ல இடமும் கிடைக்கும். ஆனால் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நம்மவர்கள் சிலர் கேன்டீனுக்கு எழுந்து போனது எனக்கு வருத்தம். மிருதங்கக்காரர் அதுவரை பாட்டுக்கு வாசித்துவிட்டுத் தன் பொறுப்பில் வாசிக்கும் ஒரே பகுதி அது. பொங்கல், பீன்ஸ் கூட்டெல்லாம் மங்களம் பாடிய பிறகும் இருக்கும். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவுக்குப் பறக்கும் ரயிலில் போனோம். மதியத்துக்குள் மாட வீதியில் நிழலான பக்கம் நின்றுவிட வேண்டும். ஊர்வலம் நெருங்கிய பிறகு தெருவைக் கடக்கவே முடியாது.

பாரிமுனைப் பக்கம், இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ சாப்பிடப் போனது இளைய உறுப்பினர்களின் ஏற்பாடு. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், நொறுக்கிப் போட்ட பேஜோ என்ற மொறுமொறு வறுவல் எல்லாவற்றையும் ஒவ்வொரு தட்டாகக் கையாலேயே பிசைந்து தருவார்கள். முன்கூட்டியே பிசைந்து வைத்தால் பேஜோ ஊறி மொறுமொறுப்பு போய்விடும். அதனால் கூட்டமாகப் போய் ஒரே வண்டியை மறிக்காமல் ஐந்தைந்து பேராகப் பிரிந்து போக வேண்டும். வாழைத்தண்டு சூப்பைக் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில்தான் கடை களை கட்டும்.

இனி, இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சியான தெருக்கூத்துக்கு வருகிறேன். “கூத்து யார் பார்ப்பார்கள், மெல்லிசைக் குழுவை அழைத்தால் கூட்டம் வரும்” என்று செயற்குழுவிலேயே பேச்சு எழுந்தது. மெல்லிசையை எந்தக் கல்யாண மண்டபத்திலும் கேட்கலாம். நம் வடமாவட்டங்களில் பரம்பரையாக ஆடிவரும் கூத்தைச் சென்னைக்காரர்கள் மேடை விழாக்களில் அரைமணி நேரத் துண்டாக மட்டுமே பார்க்கிறார்கள். அதைத் தரையில் உட்கார்ந்து பார்க்க வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

நாம் எடுத்துக்கொண்டது, பாரதப் போரில் கர்ணன் மடிவதைச் சொல்லும் கர்ண மோட்சம். அதை முழுதாக ஆடினால் விடிந்துவிடும். நகரத்திலோ இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. அதற்குள் போடவும் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே மாலை 6 முதல் 9.45 வரை என்று முடிவாயிற்று. எங்கே குறைப்பது என்பதைக் கூத்து வாத்தியாரிடமே விட்டுவிட்டோம். பாட்டுகளைப் பாதியில் நறுக்காமல் சில கட்டங்களை முழுதாக விட்டுவிட்டார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வருகை, மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுவது, போர்க்களம் மூன்றும் சிதையாமல் நின்றன.

உயரமான மேடை வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடினால் பலகை அதிரும் சத்தத்தில் சலங்கை கேட்காது. மைதானத்தில் 15 அடிக்கு 15 அடி சதுரம் கயிறு கட்டி ஒதுக்கினோம். மூன்று பக்கம் சனம், பின்பக்கம் ஒரு பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்னும் சின்ன ஊதுகுழல், தாளம், பின்பாட்டு. வெறுங்காலில் ஆடுகிறவர்கள் என்பதால் கல், ஆணி, கண்ணாடிச் சில்லு பொறுக்கி எடுக்கப்பட்டது. புழுதி அடங்க முந்தின நாள் மாலையே நிறையத் தண்ணீர் தெளித்து, அன்று காலை இலேசாகத் தெளித்தோம். ஆட்டத்துக்கு முன்னால் தெளித்தால் மண் வழுக்கி, சுழன்றாடும்போது கால் பிசகும்.

மைக்கைத் தாங்கியில் நிறுத்தினால் ஆட்டக்காரர் அதன் முன் நின்றுவிடுவார்; ஆட்டம் செத்துப்போகும். அதனால் களத்துக்கு மேலே கயிறு கட்டி இரண்டு மைக் தொங்கவிட்டு, பின்பாட்டுக்குத் தனியாக ஒன்று வைத்தோம். முகவீணைக்கு மைக்கே வேண்டாம். அதன் குரல் தானாகவே மைதானம் முழுக்கப் போகும். விளக்கில்தான் சிக்கல். வாடகைக்கு வந்த வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் அரிதாரத்தின் மஞ்சளும் சிவப்பும் வெளுத்துத் தெரிந்தன. மஞ்சள் விளக்குகளை இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கட்டிய பிறகுதான் தோளில் கட்டும் புஜக்கட்டையில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மின்னின.

கலைஞர்களுக்கு மூன்று மணி நேரம் முன்பே ஓர் அறை கொடுக்க வேண்டும். பாய், பெரிய கண்ணாடி, தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர், பழைய வேட்டித் துணி, வெந்நீர் இவையெல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். வேஷம் கலைக்க எண்ணெயும் துணியும்தான். இடுப்பை இறுக்கிக் கட்டி ஆடுவதால் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள். ஆட்டத்துக்கு முன் இட்லி, டீ போதும். முழுச் சாப்பாடு வேஷம் கலைத்த பிறகு, இரவு 11 மணிக்குச் சூடாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் தயாராக இருந்தும், பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கட்டியக்காரன் பார்வையாளரைச் சீண்டி, பதில் வாங்கி, அதிலிருந்து அடுத்த வசனத்தை எடுப்பவர். காலி நாற்காலியிடம் அவர் என்ன பேசுவார்? பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஓடிவந்து பாயில் உட்கார்ந்த பிறகுதான் களம் சூடு பிடித்தது. திரைக்குப் பின்னால் கர்ணனின் குரல் எழுந்து, கிரீடம் மட்டும் திரைக்கு மேலே தெரிந்தபோது அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். வராதவர்களுக்கும் சேர்த்துச் சமைத்த சாப்பாட்டை அந்தப் பிள்ளைகளுக்கே பரிமாறினோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைத்திருக்கிறார். வரவு செலவுக்குச் சரியாக இருந்தது. கையிருப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இரண்டு ஆண்டாகச் சந்தா கட்டாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் ஒவ்வொரு உலாவுக்கும் முதலில் பேருந்து ஏறுகிறவர்கள். பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் பங்கையும் சேர்த்துத் தாங்குவது குறித்த நாளில் கட்டிவிடும் ஓய்வூதியக்காரர்கள் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம் தந்த குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும், ஒலி, ஒளி அமைத்தவர்களுக்கும், சமையல் குழுவினருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கூத்தை அதன் ஊரிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் விழுவதை ஆடிக் காட்டும் கடைசி நாள் படுகளம் பகலில்தான். தரையில் மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஆடுவார்கள், மாலையில் தீமிதி. இரவு கண்விழிக்க முடியாத மூத்தவர்களும் வரலாம். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட வேண்டும். குடையும் தண்ணீரும் அவரவர் பொறுப்பு. செருப்பைப் பேருந்திலேயே விட்டுவிட்டுக் களத்துக்குப் போக வேண்டும். பேருந்துக்காரர் பாதி வாடகையை முன்பணமாகக் கேட்கிறார், அது சங்கத்திடம் இல்லை. பழைய பாக்கியில் பாதி வந்தாலே போதும். வருகிறவர்கள் பொங்கலுக்குள் சந்தா பாக்கியையும் பயணப் பணத்தையும் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளவும். ரசீது வரிசைப்படிதான் இருக்கை ஒதுக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்