கை தட்டச் சொன்னார்கள், உட்காரச் சொல்லவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஊழியர்களை உற்சாகமாக வைத்திருப்பது எப்படி என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவது, மாதம் ஒரு விளையாட்டு, சிறந்த ஊழியரின் படத்தைச் சுவரில் மாட்டுவது என்று நிறைய யோசனைகள். எழுதியவரைக் குறை சொல்ல வரவில்லை. ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். நான் 1998இல் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்து, அப்புறம் வேறொரு பெரிய கடைக்கு மாறி, அங்கேயே சூப்பர்வைசராகி, 2022 தீபாவளி முடிந்ததும் முழங்கால் ஒத்துழைக்காமல் நின்றுவிட்டவள். (நின்றது என்றால் வேலையை விட்டு. மற்றபடி அந்த 24 வருடமும் நின்றுகொண்டேதான் இருந்தேன்.) எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம், ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னால், எங்கள் கடைக்கு ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்தார்கள். ஊழியர்களுக்கு ஊக்கம் ஊட்டுவதற்காம். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரையும் தரைத்தளத்துக்கு வரச் சொன்னார்கள். காலையிலிருந்து காலில் நின்ற நூற்றுச் சொச்சம் பேர். அவர் நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசினார். "நான் ஜெயிப்பேன்" என்று மூன்று முறை சத்தமாகச் சொல்லச் சொன்னார், சொன்னோம். பக்கத்தில் இருப்பவர் கையைக் குலுக்கச் சொன்னார், குலுக்கினோம். கை தட்டச் சொன்னார், தட்டினோம். ஒரு மணி நேரம் எல்லாமே நின்றபடிதான். என் பக்கத்தில் நின்ற உசிலம்பட்டிப் பிள்ளை காதோரமாக, "அக்கா, கடைசி பஸ் போயிரும். இவர் ஜெயிச்சு முடிக்க இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளையிடம் உற்சாகத்துக்கா பஞ்சம்? சேர்ந்த முதல் வாரம் அவளைப் பார்த்திருக்க வேண்டும். சின்னாளப்பட்டி எது, நெகமம் எது, பட்டில் சரிகை எப்படி இருக்கும் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவாள். முதல் போணி அவள் கையால் ஆனபோது பில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாண ஜவுளி எடுக்க ஐந்து பேர் வந்து, அறுபது சேலையை விரிக்கச் சொல்லி, கடைசியில் "வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று எழுந்து போனாலும் முகம் சுளிக்காமல் மடிப்பாள். ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வருகிற பெண்களில் பாதிப்பேர் இப்படித்தான் வருகிறார்கள். விரித்த சேலை பார்ட்டிக்கு (வாங்க வருகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பிடித்துப்போகிற நொடி இருக்கிறதே, அதில் ஒரு ருசி உண்டு. அதை யாரும் ஊட்டிவிட வேண்டியதில்லை.

மூன்றாவது மாதம் அந்த முகம் வாடிவிடும். பத்து நிமிடம் தாமதமானால் அரைநாள் சம்பளம் போகும். பாத்ரூம் மாடியில், அதற்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், எத்தனை தடவை போனாள் என்று ஒருவர் கணக்கு வைத்திருப்பார். சேலையில் ஒரு கறை வந்தால் யார் விரித்தது என்ற விசாரணை. இதெல்லாம் போக, எந்நேரமும் நிற்பது. மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலு வரை கடையில் ஈ ஓட்டுவோம். அப்போதும் உட்காரக் கூடாது. "பார்ட்டி வர்ற நேரத்துல உட்கார்ந்திருந்தா கடைக்கு லட்சணமில்ல" என்பார்கள். கணுக்கால் வீங்கி, கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, இரவில் தலையணையில் காலைத் தூக்கி வைத்துப் படுத்த பெண்கள் கடை விடுதியில் எத்தனையோ பேர்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நின்று வேலை செய்பவர்களுக்கு, இடைவெளி கிடைக்கும்போது உட்கார வசதி இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தார்கள். மில்லில் தறி ஓட்டுகிறவருக்கு அன்றைக்கே கிடைத்த உரிமை, அந்த மில் துணியை விற்கிற பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில்தான் வந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நடுவில் 73 வருடம். அதற்கும் மூன்று வருடம் முன்பே, 2018இல், கேரளம் இதைச் செய்துவிட்டது. அங்கேயும் யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்ணும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும், முதலில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று கேட்டு, அப்புறம் உட்கார இடம் வேண்டும் என்று கேட்டு, வருடக்கணக்காகப் போராடி வாங்கியது அது. இங்கிலாந்தில் 1899லேயே கடைகளில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் கடையில் சட்டம் வந்த கையோடு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அந்தத் தளத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேர். இங்கிலாந்தின் 1899ஆம் வருடக் கணக்குக்கே இரண்டு ஸ்டூல் குறைந்தது. சரி, அந்த ஆறிலாவது உட்கார்ந்தோமா என்றால் அதுவும் இல்லை. மேலே கேமரா. யாராவது உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் கவுண்டர் போன் அடிக்கும். அதிகாரி யாராவது வந்தால் காட்டுவதற்கென்று அந்த ஸ்டூல்கள் தூசி தட்டப்பட்டு இருந்தன.

அடுத்த பொங்கலுக்குப் பிறகு எங்கள் தளத்துக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பெரிய படிப்பெல்லாம் இல்லை, தானும் துணி மடித்து மேலே வந்தவர். முதல் வாரம் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். மத்தியானக் காற்றாடும் நேரத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி அவரே உட்கார்ந்தார். எதிரே இன்னொரு ஸ்டூலைப் போட்டு, "உட்காருங்கக்கா" என்று என்னையும் உட்காரச் சொன்னார். போன் அடித்தது. அவரே எடுத்துப் பேசினார். என்ன பேசினாரோ, அதற்குப் பிறகு அந்த போன் இதற்காக அடிக்கவில்லை.

அப்படி உட்கார்ந்தபோதுதான் பேச்சு வந்தது. அந்த உசிலம்பட்டிப் பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள். அன்றாடம் கட்டுகிற பூனம் சேலையெல்லாம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வயதான அம்மாக்கள், லிஃப்டில் கூட்டம் என்றால் படியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள் என்றாள். மூன்று வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த விஷயம். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஆடிக்கு ஒரு ரேக் பூனம் சேலையைத் தரைத்தளத்தில் வாசலை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். சரக்கு நிற்கவே இல்லை. காலை மீட்டிங்கில் மேனேஜர் இது இன்னாருடைய யோசனை என்று பெயர் சொன்னார். கேக்கும் இல்லை, சுவரில் படமும் இல்லை. (சுவர்ப்படம் என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பு படம் மாட்டப்பட்ட சிறந்த ஊழியர் மூன்றே மாதத்தில் வேறு கடைக்குப் போய்விட்டார். படம் மட்டும் ஒரு வருடம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.) அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாதி உருப்படாத யோசனைகள்தான். ஆனாலும் கேட்டார். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொன்னார்.

கட்டுரையில் ஊக்கத்தொகையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். எங்கள் கடையில் ஆளுக்கு ஆள் தனித்தனியாக இன்சென்டிவ் வைத்திருந்த காலத்தில், ஒருத்தி பேசிவைத்த பார்ட்டியை இன்னொருத்தி பிடுங்குவாள். சாப்பிடப் போனவள் திரும்பி வருவதற்குள் பில் வேறொருத்தி பெயரில் விழுந்திருக்கும். தேங்கின சரக்கைத் தள்ளினால் கூடுதல் பணம் என்று வைத்தபோது இன்னும் மோசம். நிறம் பொருந்தாத சேலையைக்கூட "உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்று தலையில் கட்டினோம். நானும்தான் கட்டினேன். பணத்துக்கு வேலை நடந்தது, உண்மை. ஆனால் பார்ட்டியின் முகத்தைப் பார்த்து விற்கிற அந்த ருசி போய்விட்டது. புது மேனேஜர் அதைப் பிரிவுக்கு மொத்தமாக மாற்றி, பங்கு பிரித்துக் கொடுத்தார். மடிப்பவர்களுக்கும் பங்கு உண்டு. நன்றாக விற்கிற இரண்டு மூன்று பேருக்கு அதில் வருத்தம், அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொன்று, பை சோதனை. 'நம் கடை, நம் குடும்பம்' என்று மாடிப்படியில் எழுதிவைத்திருப்பார்கள். இரவு வெளியே போகும்போது அதே படிக்குக் கீழே ஒவ்வொருத்தியின் கைப்பையையும் திறந்து, டிபன் பாக்ஸ் உட்பட, கிளறிப் பார்ப்பார்கள். நாப்கினைக்கூட விடுவதில்லை. திருட்டு நடக்காமல் இல்லை, சோதனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மேனேஜர் சோதனையை நிறுத்தவில்லை. தன் பையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வரிசையில் நின்று, வாட்ச்மேனிடம் திறந்து காட்டிவிட்டுப் போனார். பெண்களுக்குப் பெண் ஒருத்தியே பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். இந்த இரண்டும் நடந்த பிறகு அந்த வரிசையில் முணுமுணுப்பு குறைந்துவிட்டது.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் ஆகவில்லை, கவனித்தீர்களா? 1918இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது, அவர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று மத்தியானம் சாப்பிடக் கிடைக்கிற நேரம் போதவில்லை என்பது. சாப்பாட்டை நிம்மதியாக மென்று விழுங்க இன்னும் சில நிமிடம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு ஊக்கப் பேச்சு எதற்கு?

அடுத்த முறை இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரை ஒரு ஜவுளிக்கடைக்கோ நகைக்கடைக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ அனுப்புங்கள். முதலாளியைப் பேட்டி எடுக்க வேண்டாம். மத்தியானம் மூன்று மணிக்குப் போய், ஸ்டூல் எங்கே இருக்கிறது, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

போன மாதம் அக்கா பேத்தியின் சடங்குக்குச் சேலை எடுக்க என் பழைய கடைக்கே போயிருந்தேன். அந்த மேனேஜர் இப்போது அங்கே இல்லை, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். கவுண்டரில் ஒரு புதுப் பெண், பதினெட்டு பத்தொன்பது வயதிருக்கும். கடையில் கூட்டமே இல்லை. சேலைகளை விரித்துப் போட்டபின் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். பின்னால் ஸ்டூல் இருந்தது. "நான் பார்த்துச் சொல்றேன், நீ சித்த உட்காரும்மா" என்றேன். அவள் மேலே கேமராவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "பரவால்லம்மா, பழகிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையைப் பிரித்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக்கடை ஊழியர்,
மதுரை.