அண்ணி இருந்தவரை அண்ணிதான் அவருக்குக் காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரின் தனிமை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் தொலைவில் இருப்பது, துணையை இழப்பது, நடமாட்டம் குறைவது என்று பல காரணங்களைச் சொல்லியிருந்தீர்கள். காதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு குறைக்காகவே இதை எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு 76 வயது. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன், மருமகள், பேத்தி என்று ஆள் நிறைந்த வீடு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அண்ணி காலமானார். அதற்குப் பிறகு அண்ணன் பேச்சைக் குறைத்தார். தொலைபேசியில் அழைத்தால் "நல்லா இருக்கேன், வச்சிடட்டுமா" என்பார். நாலு பேர் கூடும் இடத்தில் ஓரமாக உட்கார்வார், எல்லோரும் சிரித்து ஒரு நொடி கழித்துச் சிரிப்பார், பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்விடுவார். அவர் தனியாக இருக்கவே விரும்புகிறார் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். நானும்தான். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

ஒரு நாள் அவருக்குப் பின்னால் நின்று மூன்று முறை "அண்ணா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் வந்து நின்றதும் முகம் மலர்ந்து, "எப்ப வந்தே?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி எப்போதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். யார் என்ன சொன்னாலும் அவர் முகம் பார்த்துத் திரும்ப ஒரு முறை சொல்வார். தொலைபேசியை முதலில் எடுப்பதும் அண்ணிதான். அது பல ஆண்டுப் பழக்கம் என்பதால் நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. அண்ணி போனபோது அண்ணனுக்குத் துணையும் போயிற்று, காதும் போயிற்று. அவர் ஒதுங்கியதற்குக் காரணம் துக்கமும்தான், காதும்தான். ஆனால் நாங்கள் துக்கத்தை மட்டுமே பார்த்தோம்.

செவித்திறன் பரிசோதனை செய்த பெண் ஒரு வரைபடத்தைக் காட்டி விளக்கினார். வயதாகும்போது பெரும்பாலும் முதலில் மங்குவது கீச்சென்று ஒலிக்கும் உயர் சுருதி ஒலிகள். உயிரெழுத்துகள் ஓரளவு கேட்கும், மெய்யெழுத்துகள் பலவும் நழுவிவிடும். கடை, படை, தடை, சடை நான்கும் கிட்டத்தட்ட 'அடை' என்றே போய்ச் சேரும். பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் கடினம். பேத்தி பேசும்போது அவர் ஏன் வெறுமனே தலையாட்டினார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. எழுத்துப் பிழை பார்த்தே வாழ்ந்த மனிதர், தவறாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்திலேயே வாயை மூடிக்கொண்டார்.

60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைவு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, முதியவர்களில் மூன்றில் ஒருவர் வரை சமூகத் தொடர்பு அற்றுப் போயிருக்கலாம் என்கிறது. 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம், மறதி நோய்க்குக் காரணமாகக்கூடிய, நம்மால் மாற்ற முடிந்த 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அதில் செவித்திறன் குறைவும் இருக்கிறது, சமூகத் தொடர்பின்மையும் இருக்கிறது. தனித்தனி வரியில் இருக்கும் இந்த இரண்டும் என் அண்ணன் வீட்டில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

காது கேட்கும் கருவி வாங்கியதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். முதல் வாரம் மின்விசிறியின் ஓசையே அவருக்கு இரைச்சலாக இருந்தது. கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக வாரக்கணக்கில் ஆகுமாம். ஒரு மணி, இரண்டு மணி என்று நேரத்தைக் கூட்டினோம். இரண்டு முறை திரும்பப் போய் ஒலி அளவை மாற்றி வந்தோம். நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கத்தினால் சொல் தெளிவாவதில்லை, கோபம் மாதிரிதான் போய்ச் சேரும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி, ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும். தொலைபேசியைவிடக் காணொளி அழைப்பு நல்லது, உதட்டசைவு தெரியும்.

இன்னொன்று. ஆரம்பத்தில், காது விஷயம் தெரியாதபோது, மனம் மாறட்டும் என்று அவரை முதியோர் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். எதிரொலிக்கும் பெரிய கூடம், அலறும் ஒலிபெருக்கி, பின்னணி இசை. நடத்தியவர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் அத்தனை பேர் நடுவில் ஒரு சொல்லும் எட்டாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், போனதைவிடத் தனியாக வீடு திரும்பினார். இப்படிக் கூட்டம் நடத்துவோருக்கு என் வேண்டுகோள்: சிறிய அறையில், வட்டமாக, ஆறேழு பேரை உட்கார வையுங்கள். இசையை நிறுத்துங்கள். பேசுகிறவர் முகம் எல்லோருக்கும் தெரியட்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதியோர் தனிமை பற்றி அடுத்த முறை எழுதும்போது, செவித்திறன் பரிசோதனை பற்றியும் எழுதுங்கள். "அப்பா இப்பல்லாம் யார்கிட்டயும் பேசுறதில்லை" என்று சொல்கிற ஒரு மகனோ மகளோ அதைப் படிக்கக்கூடும்.

இப்போது பேத்தி தன் பள்ளிக் கட்டுரைகளை அவரிடம் கொடுக்கிறாள். சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தில் உட்கார வைத்து விளக்குகிறார். அவள் எதிர்த்து வாதாடுகிறாள், அவரும் விடுவதில்லை.

இந்தக் கடிதத்தை அனுப்புமுன் அவருக்கு எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். இரண்டு ஒற்றுப் பிழைகளைச் சொன்னார். "காரணம் துக்கம் இல்லை, காதுதான்" என்று நான் எழுதியிருந்த வரியில் நிறுத்தச் சொன்னார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "துக்கமும்தான், காதும்தான்னு மாத்து" என்றார். மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி