தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்களே, விலை ஏன் இறங்கவில்லை என்பது ஒன்று. கடனுக்கு வட்டி ஏறியும் மாதத் தவணை அப்படியேதானே இருக்கிறது, கவலைப்பட என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. எனக்குக் கவலை தந்தது இரண்டாவதுதான். அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறினால் ஒன்று தவணை கூடும், இல்லையென்றால் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டுவார்கள். உன் கடனில் நடந்திருப்பது பின்னது என்று நினைக்கிறேன். 10 லட்சம் கடன், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். தவணை 7,753. முதல் மாதம் அதில் 5,833 வட்டிக்குப் போகும், அசலில் 1,920 கழியும். கடன் வாங்கிய கையோடு வட்டி 9 சதவீதம் ஆகிறது. அதே 20 ஆண்டில் முடிய வேண்டுமானால் தவணை 8,997 ஆக வேண்டும். பழைய தவணையே தொடர்ந்தால் முதல் மாத வட்டிக்கே 7,500 போய்விடும். அசலுக்கு மிஞ்சுவது 253. 240 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 458 மாதம் இழுக்கும். அது 38 ஆண்டுக்கும் மேல்! மொத்தமாகக் கட்டும் தொகை 18.6 லட்சத்திலிருந்து 35.5 லட்சம் ஆகிவிடும். வட்டி 9.5 சதவீதத்தைத் தொட்டால் முதல் மாத வட்டியே 7,917. தவணை வட்டிக்கே போதாது, மீதி அசலில் ஏறும். மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பாய், கடன் வளர்ந்துகொண்டே போகும்.

கடனின் வயதைப் பொறுத்து அடியின் பலம் மாறும். இதே கடனை 10 ஆண்டு கட்டி முடித்தவருக்கு நிலுவை சுமார் 6.68 லட்சம் இருக்கும். அவருக்கு வட்டி 7லிருந்து 9 ஆனால் மிச்சமிருந்த 120 மாதம் 139 ஆகும், அவ்வளவுதான். தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்கூட்டிக் கட்டுவதும் அப்போதுதான் பலன் தரும்: 9 சதவீதத்தில் 8,997 கட்டுபவர் தொடக்கத்திலேயே கூடுதலாக 1 லட்சம் கட்டிவிட்டால் சுமார் 54 மாதத் தவணை மிச்சம். கட்டும்போது தவணையைக் குறைக்கச் சொல்லாதே, காலத்தைக் குறைக்கச் சொல். எழுத்தில் கேள்.

இனி விலை பற்றி. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 100க்கு வாங்கிய பொருள் 8 சதவீதப் பணவீக்கத்தில் 108 ஆகிறது. மறு ஆண்டு பணவீக்கம் 3 சதவீதமாகக் குறைந்தால் அது 111.24 ஆகும், 100க்குத் திரும்பாது. ஏறிய விலை ஏறியதுதான். வருமானம் அதை எட்டிப் பிடிக்கும்வரை வலி தீராது. சம்பளம் ஆண்டுக்கு ஒருமுறை ஏறும், விலை வாரத்துக்கு வாரம் ஏறும் என்பதால் அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் கடனில் விழுகின்றன.

அறிவிக்கப்படும் எண் ஒரு சராசரி. உன் வீட்டு எண் வேறாக இருக்கும், அதை நீயே கணக்கிடலாம். ஒவ்வொரு செலவும் மொத்தச் செலவில் எத்தனை பங்கு என்று எழுதி, அதன் விலையேற்றத்தால் பெருக்கிக் கூட்டு. உணவுக்கு 45 சதவீதம், ஏற்றம் 10 என்றால் 4.5. வாடகைக்கு 25, ஏற்றம் 4 என்றால் 1. போக்குவரத்துக்கு 15, ஏற்றம் 8 என்றால் 1.2. மற்றவைக்கு 15, ஏற்றம் 2 என்றால் 0.3. கூட்டினால் 7. குறைந்த வருமானத்தில் உணவின் பங்கு பெரிது. உணவு விலை ஏறும் காலத்தில் ஏழை வீட்டுப் பணவீக்கம் அறிவிக்கப்பட்டதைவிட அதிகமாக இருப்பது இதனால்தான். இதைச் சொல்லாமல் சராசரியை மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சேமிப்புக்கும் இந்த எண்தான் அளவுகோல். 1 லட்சத்தை 6 சதவீத வைப்பில் போட்டு, வட்டியில் 20 சதவீதம் வரி கட்டினால் ஆண்டு முடிவில் கையில் 1,04,800. பணவீக்கமும் 6 என்றால் அதே பொருள்களை வாங்க 1,06,000 வேண்டும். வட்டி வந்தும் 1,200 குறைகிறது. வைப்பில் போடாமல் வீட்டிலேயே வைத்திருந்தால், இதே 6 சதவீதப் பணவீக்கம் தொடர்ந்தால் 10 ஆண்டில் அந்த 1 லட்சத்தின் வாங்கும் சக்தி 55,800 அளவுக்குச் சுருங்கிவிடும்.

பிறகு மத்திய வங்கி ஏன் வட்டியை ஏற்றி மக்களை வதைக்கிறது என்று நீ கேட்பாய். கடன் விலை கூடினால் வீடு, வண்டி, எந்திரம் வாங்குவது தள்ளிப்போகும். தேவை தணிந்தால் விலையேற்றமும் தணியும். ஆனால் முழுப் பலன் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். எண்ணெயோ தானியமோ தட்டுப்பாடானால் வட்டியால் ஒரு பீப்பாய் எண்ணெயைக்கூட உண்டாக்க முடியாது. அந்த ஏற்றம் கூலிக்கும் மற்ற விலைகளுக்கும் தொற்றிப் பரவாமல் தடுக்கத்தான் முடியும். அமெரிக்காவில் 1980இல் பணவீக்கம் 13.5 சதவீதம். பால் வோல்க்கர் தலைமையில் அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் கடனை இறுக்க, 1981இல் வட்டி 19 சதவீதத்தைத் தாண்டியது. 1983இல் பணவீக்கம் 3.2 சதவீதத்துக்கு வந்தது. அதற்குக் கொடுத்த விலை, 1982 இறுதியில் 10.8 சதவீத வேலையின்மை. துருக்கி எதிர்த்திசையில் போனது: 2021 செப்டம்பரில் 19 சதவீதமாக இருந்த வட்டியை டிசம்பருக்குள் 14க்கு இறக்கியது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதம். கடைசியில் 2024 மார்ச்சில் வட்டி 50 சதவீதம் வரை ஏற வேண்டியிருந்தது. தாமதித்தால் வலி கூடுகிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வேலையிழப்பு எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை, அந்தக் கேள்விக்கு வட்டி விகிதத்தில் பதில் கிடையாது.

நிலையான வட்டிக்கு மாறலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தாய். மாற்றுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு நிலையானது, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்ற மூன்றும் தெரியாமல் சொல்ல முடியாது. சில ஒப்பந்தங்களில் "நிலையான வட்டி" முதல் சில ஆண்டுக்கு மட்டும்தான்.

இந்த வாரமே வங்கியில் கடன் அறிக்கை கேட்டு வாங்கு. இன்றைய நிலுவை, இப்போதைய வட்டி, மீதி மாதங்கள், போன மாதத் தவணையில் அசலுக்குப் போனது எவ்வளவு என்ற நான்கு எண்களையும் எழுதி அனுப்பு. தவணையை எவ்வளவு கூட்டினால் பழைய காலத்துக்குள் முடியும் என்று கணக்குப் போட்டு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்