உள்ளே போட்டால் திருந்துவார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளில் பித்தளைச் சாமான் திருடும் பையன்களைப் பிடித்து உள்ளே போட்டால்தான் புத்தி வரும் என்று போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கோபம் நியாயமானது. வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்து வீட்டைத் திறக்கிறவர்கள், அப்பத்தா காலத்துச் சாமான் போய்விட்டதைப் பார்த்துக் கலங்கி நிற்பது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் உள்ளே போட்டால் புத்தி வரும் என்பதற்கு ஆதாரம் எங்கே? சிறார் குற்றங்களை ஆராயும் பெட்ரோசினோவும் அவருடைய சகாக்களும் 29 சோதனை ஆய்வுகளைத் திரட்டி 2010-ல் வெளியிட்டார்கள், பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சிறார்கள். முறைப்படி வழக்கு நடத்தியதால் மறுபடி தப்புச் செய்வது குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருந்தது. விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பையன் யாரோடு சேர்கிறான், வெளியே வந்தபின் எந்தப் பள்ளிக்கூடம் அவனைச் சேர்க்கும் என்று யோசித்தால் காரணம் புரியும்.

சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டமே, முடிந்தவரை வழக்கு விசாரணைக்குப் போகாமல் சிறாரை வேறு வழியில் திருத்த வேண்டும் என்பதை ஒரு கொள்கையாக வைத்திருக்கிறது. கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். கூடப் போடக்கூடாது, காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து பையனின் குடும்பச் சூழலை விசாரித்து எழுத வேண்டும் என்கின்றன அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகள். சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் நினைத்தால் கண்டித்து அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். நியூசிலாந்தில் 1989-லிருந்து பையன், அவன் குடும்பம், பொருளைப் பறிகொடுத்தவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து என்ன ஈடு செய்வது என்று பேசி முடிக்கிறார்கள். சபை கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கமுள்ள நம் ஊருக்கு இது ஒன்றும் அந்நியமில்லை, நன்னடத்தை அலுவலரும் ஊர்ப் பெரியவர்களும் மனது வைத்தால் இங்கேயும் நடக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி. பதினைந்து வயதுப் பையனுக்குத் தூண் விளக்கின் விலை எப்படித் தெரியும்? சொல்லிக்கொடுத்து அனுப்புகிறவன் ஒருவன் இருக்கிறான். சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு அதே சட்டத்தின் 83-வது பிரிவு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் சொல்கிறது. போலீசார் முதலில் அவனைத் தேடட்டும்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகர் ஒருவர்