அந்த மேசையில்தான், அண்ணா

அன்புள்ள அண்ணா,

வருகிற ஞாயிறு என்னை மூப்பராக ஏற்படுத்துகிறார்கள். எனக்கு முன்பே யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். "அந்த மேசையிலா நீயும் உட்காரப்போகிறாய்?" என்று ஸ்கொட்லாந்திலிருந்து ஒற்றை வரி அனுப்பியிருந்தீர்கள். ஆம், மூப்பர்கள் கூடும் அந்த மேசையில்தான். தொலைபேசியில் என்றால் பாதியில் வைத்துவிடுவீர்கள், ஆகவே ஊரறிய எழுதுகிறேன். சபையாரும் படிப்பார்கள், சில பெயர்களை விழுங்கத்தான் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், அதுவும் ஞாயிறுதான். திருகோணமலையில் திருக்கடலூரிலிருந்தும் வீரநகரிலிருந்தும் ஓடிவந்தவர்கள் ஓய்வுநாள் பாடசாலை மண்டபத்தில், நத்தார் சோடனைக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். அந்த வாரத்து மூப்பர் கூட்டம் எனக்கு மறக்கவே இல்லை. போதகர் அறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. உள்ளே நிவாரணப் பட்டியல். வெளியே தேநீர் வாளியோடு நான். சபை அங்கத்தவருக்கு முதலில், மிஞ்சினால் மற்றவருக்கு என்றார் ஒருவர். (அவர் இப்போதும் நம்மோடு இருக்கிறார், நல்லதும் நிறையச் செய்தவர். அவ்வளவு போதும்.) உடனே உங்கள் குரல்: "ஞானஸ்நானம் பெற்றவர்களை ஒல்லாந்தர் தோம்புப் பதிவேட்டில் எழுதியதுபோல நாமும் எழுதப்போகிறோமா? உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர்கள், 1795இல் ஆங்கிலேயன் கோட்டையைப் பிடித்த பிறகு எங்கே போனார்கள்?"

என் பக்கத்தில் ஓர் அம்மா பிள்ளைக்கு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. பிஸ்கட் ஊறிக் கோப்பைக்குள் விழுந்தது. அவர் எந்தச் சபைக்கும் அங்கத்தவர் அல்ல.

காலியில் 1642இல் ஒல்லாந்தரின் சபை மன்றம் ஏற்பட்டதையும், பிலிப்பு தெ மெல்லோ தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியதையும் அப்பா நமக்குச் சோற்றோடு ஊட்டினார். தோம்பைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. அதைத் தேடிப் படித்தது நீங்கள்தான். அன்று உங்களை நினைத்து நெஞ்சு நிமிர்ந்ததை இதுவரை சொன்னதில்லை. இப்போதும் இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

தோற்றுப்போனீர்கள். "என் எதிர்ப்பைக் கூட்டக்குறிப்பில் எழுதுங்கள்" என்றீர்கள். செயலாளராயிருந்த அப்பா பேனாவை மூடினார். "கூட்டம் ஜெபத்துடன் நிறைவுற்றது" என்பதுதான் அந்தப் பக்கத்தின் கடைசி வரி. பிஷப் இல்லாத ஒழுங்கு நம்முடையது. சபையார் தெரிந்தெடுத்த மூப்பர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறோம். தோற்றவருக்கும் தன் மறுப்பைப் பதியக் கேட்கும் உரிமை உண்டு என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. புத்தகம் மேல்மன்றத்தின் பார்வைக்குப் போகும், வருகிற அரிசியும் நின்றுவிடும் என்று பயந்தார். படுக்கையில் கிடந்தபோது என்னிடம் சொன்னார். அது சரியென்று நான் வாதாடவில்லை. ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கம் பசியோடு இருந்தவர்களை நீங்களும் பார்த்தவர்தானே?

உங்களுக்கு யாரும் சொல்லாத இன்னொன்று: சமையற்கட்டில் அந்தப் பட்டியலை எவரும் சட்டை செய்யவில்லை. பெண்கள் நாங்கள், வந்தவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைப்படியே சோறு போட்டோம். முதல் நாளும் அப்படித்தான், கடைசி நாளும் அப்படித்தான். நீங்களோ மறுநாள் காலையே கொழும்பு பஸ் ஏறிவிட்டீர்கள். கறைபடாத கையோடு போவது சுலபம், அண்ணா. அப்பாவைக் குளிப்பாட்டியது, வருடாந்தக் கணக்கைப் பார்த்தது, அதே ஆட்களோடு அதே வாங்கில் உட்கார்ந்து திருவிருந்து எடுத்தது எல்லாம் நான். அடக்க ஆராதனைக்குக்கூட நீங்கள் வரவில்லை. விசா கிடைக்கவில்லை என்றீர்கள். நம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கொட்லாந்துத் திருச்சபையில் 1966 முதல் பெண்கள் மூப்பராகலாம். அங்கே ஒரு பெண் மூப்பர் நீட்டும் அப்பத்தைக் கை நீட்டி வாங்குகிறீர்கள். என்னிடம் மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

குளிரில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் அனுப்பவா?

பழைய பக்கத்தில் நான் இனி எதையும் செருக முடியாது. ஆனால் மன்றத்துக்கு வரும் கடிதம் வாசிக்கப்படும், குறிப்பில் ஏறும். அன்று சொன்னதை உங்கள் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். முதல் கூட்டத்திலேயே நான் வாசிக்கிறேன். வாசிக்கும்போது, அங்கத்தவருக்கு முதலில் என்றவரின் முகத்தையும் பார்ப்பேன். பெயர் சொல்லித் திட்டாமல் எழுதுங்கள். திட்டியிருந்தால் வாசிக்க மாட்டேன்.

ஆராதனை காலை எட்டரைக்கு. உங்களுக்கு அப்போது விடியற்காலை மூன்று மணி. எழுந்திருக்க வேண்டாம், தூங்குங்கள். கடிதத்தை மட்டும் சனிக்கிழமைக்குள் தபாலில் போட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை