சனிக்கிழமை: பள்ளி ஆலோசகருடன் பெற்றோர் சந்திப்பு

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை (12ஆம் தேதி) காலை 10.30 மணிக்கு, நம் பெங்களூரு அல்சூர் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் பிள்ளைகளின் பள்ளி ஆலோசகர் (கவுன்சலர்) நம்முடன் பேசுகிறார். தமிழிலேயே பேசுவார்.

ஆலோசகர் அறை என்றாலே "என் பிள்ளைக்கு என்ன குறை?" என்று கேட்கிறோம். நானும் கேட்டவள்தான். சென்ற ஆண்டு என் மகனுக்குத் திங்கள்தோறும் வயிற்றுவலி. இரண்டு மருத்துவர்கள், மூன்று மருந்துகள். ஆலோசகர் கேட்டது ஒரே கேள்வி: "மதியம் யாரோடு சாப்பிடுகிறாய்?" வகுப்பு மாறியதிலிருந்து தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறான். டப்பா காலியாக வந்ததால் எனக்குத் தெரியவில்லை.

சி.பி.எஸ்.இ. விதிப்படி இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும். அது நாம் கேட்டுப் பெற வேண்டிய சலுகை அன்று.

செய்ய வேண்டியவை:

1. வருகிறீர்களா என்பதை வியாழன் இரவுக்குள் இங்கே பதிலிடுங்கள். நாற்காலி 40தான்.
2. கேள்விகளை எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெயர் சொல்லாமல் கேட்பேன். பிள்ளைகளின் பெயரைக் குழுவில் எழுத வேண்டாம், தயவுசெய்து.
3. அப்பாக்களும் வாருங்கள். போன முறை இரண்டே பேர், அதில் ஒருவர் காவிரி நீர் லாரிக்காகப் பாதியில் எழுந்து போனார்.
4. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவர வேண்டாம். பாடப்பிரிவு பற்றி வேறொரு நாள் பேசலாம்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.