நகச்சுற்றுக் காலத்து நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஸ்கேன் நன்றாக வந்திருக்கிறது. நுரையீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டி சுருங்கிவிட்டது என்று டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். படம் எனக்கு விளங்கவில்லை, அவர் முகம் விளங்கியது. முந்தாநாள் சாயந்திரத்திலிருந்து போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். விரலும் இப்போது பேனா பிடிக்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மாத்திரை படுத்திய பாடுதான் பலருக்குத் தெரியாது. கீமோ இல்லை, தினம் ஒரே ஒரு ஜெஃபிடினிப், 250 மில்லிகிராம், முடி கொட்டாது என்றதும் "தப்பிச்சீங்க டீச்சர்" என்றீர்கள். அதற்கப்புறம் புலம்பினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டேன். செல்லை வளரச் சொல்லித் தூண்டுகிற இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஒன்றை அந்த மாத்திரை போய் அடைக்கிறது. அதில் மாற்றம் இருக்கிற கட்டிக்குத்தான் மாத்திரை நன்றாகக் கேட்கும் என்பதையே 2004-இல்தான் கண்டுபிடித்தார்களாம். ஆனால் அதே இ.ஜி.எஃப்.ஆர். தோலிலும் நகக்கண்ணிலும் குடலிலும் இருக்கிறது. மாத்திரைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் முகமெல்லாம், நெஞ்செல்லாம் பரு. உண்மையில் பருவும் இல்லை. பருவுக்குப் போடும் களிம்பைத் தடவினால் தோல் வறண்டு இன்னும் எரியும். இமை முடி மட்டும் நீண்டு சுருண்டு அழகாக வளர்ந்தது. அதை ஒருவரும் பாராட்டவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நகச்சுற்று. கட்டைவிரல் நகத்தோரம் வீங்கி, மிளகு அளவுக்குச் சதை துருத்தி நிற்கும். துணி பட்டாலே ரத்தம் கசியும். பார்த்தவர்களெல்லாம் எலுமிச்சம்பழத்தைச் சொருகச் சொன்னார்கள். இது அந்த நகச்சுற்று இல்லை, புளிப்பு பட்டால் உயிர் போகும். பால் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது, சின்ன வெங்காயம் உரிக்க முடியாது. அந்த மாத்திரையையே அட்டையிலிருந்து அமுக்கி எடுக்க முடியாமல் எங்கள் வீட்டு சார்தான் எடுத்துத் தருவார். ஜாக்கெட் கொக்கியும் அவர் பொறுப்பு. கண்ணாடியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவார். போட்டு முடித்தால் ஒரு கொக்கி மிஞ்சும்.

அந்தக் கோலத்தில்தான் ஒரு நாள் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கப் போனேன். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருக்கிறாளே, அந்தத் தங்கச்சியிடம். புடவையை நீட்டிய கையைப் பார்த்தாள். கோணலாக நின்ற ஜாக்கெட்டைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை, உச்சுக் கொட்டவில்லை. "டீச்சர், தினம் போடுற ஜாக்கெட்டையெல்லாம் சார்கிட்ட கொடுத்து விடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது கொக்கி இருந்த இடத்தில் வெல்குரோ. வெளிப்பட்டியை முன்போலவே விட்டிருந்தாள், கல்யாண வீட்டில் யார் கண்ணுக்கும் படாது. பட்டையின் சொரசொரப்பு நெஞ்சில் உரசக்கூடாது என்று உள்ளே மல்துணியை மடித்து வைத்துத் தைத்திருந்தாள். நெஞ்சில் பரு இருப்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. கழுத்தை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறாள். நான் கணக்கு டீச்சர், எனக்கே அது தோன்றவில்லை.

கூலியைக் குறைக்காமல் வாங்கிக்கொண்டாள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த மாதங்களில் என்னிடம் யாரும் சரியான விலை கேட்டதில்லை, பூக்காரம்மாகூட அரை முழம் கூட்டித்தான் அளந்தாள். இவளுக்கு மட்டும் நான் பழைய வாடிக்கைதான்.

மறுநாள் காலை நானே உடுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். உள்ளே சார் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். சில நாள் மாத்திரையை நிறுத்தி விரலை ஆறவிட்ட டாக்டர், டாக்டரைக் கேட்காமல் கேஸ் மாத்திரை தர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த மெடிக்கல் தம்பி (அது இந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம்), பேதிக் காலத்தில் நேரம் காலம் பார்க்காமல் பாத்ரூம் கதவைத் திறந்துவிட்ட கீழ்வீட்டு மதினி, தயிர் சாதமாக அனுப்பிய பழைய ஸ்டாஃப் ரூம். 'சார் சிகரெட் குடிப்பாரா' என்று விசாரித்தவர்களுக்கும் சேர்த்தே நன்றி. குடிக்க மாட்டார்.

மாத்திரை தொடரும். நகச்சுற்று திரும்ப வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரையைத் தொடங்கினால் முடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், விரலைப் பாருங்கள். ஜாக்கெட்டை என்னிடம் கொடுத்துவிடுங்கள். தைத்து வாங்கித் தருவது இனி என் வேலை, கூலியும் என் கணக்கு. தீபாவளி நெருக்கத்தில் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று தங்கச்சி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு டீச்சர்